அடுப்பங்கரையில் அறிவியல்



சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களின் கலவை. இயல்பாக இதற்கு மணமில்லை. கசிவை நாம் உணரவே எத்தில் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது.

சுடர் நீலமாக எரிந்தால் அடுப்பு நலம். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், வாயுவுடன் காற்று போதிய அளவு கலக்கவில்லை என்பது பொருள். அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றி, துளைகளின் அடைப்பை நீக்கிக் கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்தலாம். இது நாமே செய்யக்கூடியது.

ஆனால், வாயு மணம் வீசினால்? இது காற்றைவிடக் கனமானதால் தரையோரம் தேங்கும். உடனே ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விசிறி வேண்டாம்! சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் எழும் சிறு பொறியே தீ மூட்டப் போதும். வீட்டைவிட்டு வெளியேறி, 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். ரப்பர் குழாய், ரெகுலேட்டர் பழுதுகளைப் பயிற்சி பெற்றவரே பார்க்கட்டும்.

நாள்தோறும் அடுப்பின்முன் நிற்பவர் நம் அன்னையர். வகுப்பில் கற்ற அறிவியல் அவர்களைக் காக்கட்டும்!