வாசகர் வட்டம் உருவாகும் வழி



எழுதியதை வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் பகிர்ந்து வாசகரைப் பெறுவது எவ்வாறு என்ற கேள்விக்குக் கோவில்பட்டி வட்டாரத்தின் இலக்கிய வரலாற்றிலேயே விடை இருக்கிறது. மழையை மட்டுமே நம்பிப் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவிக்கும் இந்த மானாவாரிக் கரிசல் நிலம், சென்னைப் பத்திரிகை உலகிலிருந்து வெகுதொலைவில் இருந்தபோதிலும், நண்பர் குழுக்களின் வழியாகவே தனக்கென ஓர் எழுத்து மரபையும் அதற்கான வாசகரையும் உருவாக்கிக்கொண்டது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு பிறந்த எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் (கி.ரா.) இருவரின் நட்பு இதற்கு முதற்சான்று. அழகிரிசாமி 1940-களிலேயே கதைகள் வெளியிடத் தொடங்கிவிட்டார், கி.ரா.வின் கதைகளோ 1950-களின் இறுதியில்தான் இதழ்களில் வரலாயின. இடைப்பட்ட நெடுங்காலம் கி.ரா. தேர்ந்த வாசகராகவும் நண்பரின் கடிதங்களைப் பேணிக் காத்தவராகவும் இருந்தார். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. தம் எழுத்தைப் பிறர் படிக்கவேண்டும் என்று விரும்புபவர் முதலில் பிறர் எழுத்தைப் படிப்பவராக இருத்தல் வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் பாடம்.

இவ்விருவரும் ரசனை பயின்ற இடம் தமிழறிஞர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (டி.கே.சி.) வட்டம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவரது வீட்டுத் தொட்டிக்கட்டில், அதாவது வீட்டின் நடுவே அமைந்த முற்றப்பகுதியில், அன்பர்கள் கூடி இலக்கியம் பேசிய அக்கூட்டம் வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது. அங்கே கம்பனின் ஒரு பாடலை எடுத்துக்கொண்டால், ஓசையும் உணர்ச்சியும் கேட்பவர் உள்ளத்தில் படியும்வரை டி.கே.சி. அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்காட்டுவார். ஒரே நாளில் பத்துக் குழுக்களில் பத்து ஆக்கங்களை இறக்கிவிட்டு நகர்பவர், ஒன்றைப் பகிர்ந்து அதன்மேல் எழும் பேச்சில் உடனிருப்பதே பகிர்தல் என்பதை இங்கிருந்து கற்கலாம்.

பகிரப்படுவது குழுவுக்குப் பயன்படுவதாகவும் இருக்கவேண்டும். கி.ரா. தொகுத்து 1982-இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, சம்சாரிகள் எனப்படும் விவசாயிகள் நாள்தோறும் பேசிய சொற்களைத் திரட்டி, அந்த மக்களின் பேச்சுக்கு அகராதியில் இடம்பெறும் மதிப்பைத் தந்தது. தம்முடைய சொல்லும் வேலையும் சாப்பாடும் எழுத்தில் இருப்பதைக் காணும் மக்கள் அந்த எழுத்தைத் தமதாகவே ஏற்கிறார்கள். ஆகவே விவசாயிகளின் குழுவில் விதைப்பையும் மழையையும் பற்றிய கட்டுரையையும், தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களின் குழுவில் அவர்தம் வாழ்வைப் பேசும் கதையையும் பகிர்வது பொருந்தும். இடமறியாமல் எல்லா இடத்திலும் ஒன்றையே ஒட்டுவது பொருந்தாது.

நண்பர்கள் கூடிப் படிக்கும் இம்மரபு கி.ரா.வின் தலைமுறையோடு நின்றுவிடவில்லை. தேவதச்சன், ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, உதயசங்கர் முதலிய எழுத்தாளர்கள் இளமையில் கோவில்பட்டி காந்தி மைதானத்தில் கூடிப் படித்ததையும் எழுதியதையும் விவாதித்தனர். கோணங்கி நடத்திய 'கல்குதிரை' சிற்றிதழ், அதாவது வணிக நோக்கமின்றிச் சிறு வாசகர் குழுவுக்காக வரும் இதழ், இந்தச் சூழலின் விளைவுகளுள் ஒன்று. இங்கே ஒருவருக்கொருவர் முதல் வாசகராகவும் முதல் விமர்சகராகவும் இருந்தமையால், ஒருவரது குறையை மற்றவர் சொல்வது பகையாகக் கொள்ளப்படாமல் உதவியாகவே கொள்ளப்பட்டது.

எனவே ஒரு குழுவில் சேரும் இளம் எழுத்தாளர் முதலில் அங்குள்ளோர் எழுதுவதைப் படித்து மனமாரக் கருத்துச் சொல்லுதலும், குழுவின் விதிகளை மதித்தலும், வெறும் இணைப்பை மட்டும் போடாமல் அக்கட்டுரை அவர்களுக்கு ஏன் பயன்படும் என்பதை இரண்டு வரியில் எழுதுதலும், கேள்வி கேட்டவருக்குப் பொறுமையாக விடையளித்தலும், தவறு சுட்டப்பட்டால் நன்றியோடு திருத்துதலும் வேண்டும். இவ்வாறு வரும் வாசகர் தொகையில் சிலராகவே இருப்பினும் அடுத்த எழுத்துக்கும் உடன்வருவர். அந்தச் சிலரைத் தேடிக்கொள்வதே எழுதத் தொடங்கும் ஒருவர் செய்யவேண்டிய முதற்பணி.