பிரவுசர் வேகம்: களுபோவிலப் பக்கத்து அனுபவம்

களுபோவில ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லேன்களிலும் வெள்ளவத்தை ஃபிளாட்களிலும் வீடு வீடாகப் போய்க் கொம்பியூட்டர் திருத்துகிறேன். “தம்பி, நெற் சரியான ஸ்லோ, கொம்பனியை மாத்துவமோ?” என்றுதான் பாதி அழைப்புகள் தொடங்கும். போய்ப் பார்த்தால் லைன் நன்றாக இருக்கும்; கோளாறு பிரவுசரில் இருக்கும்.

சில வீடுகளில் எனக்கு முதலே யாராவது கைவைத்திருப்பார்கள். வட்ஸ்அப்பில் சுற்றும் பழைய குறிப்பு ஒன்று, ஃபயர்பொக்ஸின் கொன்ஃபிக் பக்கத்தில் ‘பைப்லைனிங்’கை ஓன் பண்ணச் சொல்கிறது. ஒரு விடை வரும்வரை காத்திராமல் அடுத்த கோரிக்கைகளையும் அதே இணைப்பில் அனுப்பும் முறை அது. ஒரு காலத்தில் பலன் இருந்தது. 2015இல் வந்த எச்டிடிபி/2 நெறிமுறை அந்த வேலையை ஒழுங்காகச் செய்யத் தொடங்க, 2017இல் வெளியான ஃபயர்பொக்ஸ் 54 பைப்லைனிங்கையே நீக்கிவிட்டது. ஆனால் கொன்ஃபிக் பக்கம், இல்லாத பெயரை அடித்தாலும் மறுக்காது. பூலியனா, நம்பரா என்று கேட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கித் தரும். தடித்த எழுத்தில் ‘ட்ரூ’ என்று நிற்கும். பார்க்கிறவருக்குத் திருப்தி, பிரவுசர் அதைத் திரும்பியும் பார்க்காது.

விண்டோஸ் நெற் வேகத்தில் 20 சதவீதத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்பதும் இதே சாதிக் கதைதான். நாள்தோறும் கேஷ் அழிப்பது இன்னும் மோசம். நேற்று இறக்கிய படத்தையும் எழுத்துருவையும் இன்று மறுபடி இறக்க வேண்டியதுதான் மிச்சம். டேட்டாவும் போகும், நேரமும் போகும்.

உண்மையான சுமை பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏதாவது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, எஃப் 12ஐ அழுத்தி ‘நெற்வேர்க்’ பகுதிக்குப் போய் ரீலோட் செய்யுங்கள். ஒரு மரணச் செய்தியின் நாலு பந்திக்காக நூற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகள் வரிசையாக ஓடும். பெரும்பாலானவை விளம்பரமும் வேவு ஸ்கிரிப்டும். ஃபயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான், குரோமில் அதன் லைட் பதிப்பு: இதைப் போட்டபின் அதே பக்கம் கண்முன்னே இளைக்கும். நான் செய்கிற மாற்றங்களில் ஆட்கள் உடனே உணர்வது இது ஒன்றைத்தான். விளம்பரத்தில் பிழைக்கும் நல்ல பத்திரிகைக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுவேன், அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி என்று எப்போதோ போட்டவை திறக்கிற பக்கத்திலெல்லாம் தலையிடும். இன்கொக்னிற்றோவில் அவை வழக்கமாக இயங்காது. அதில் பக்கம் சட்டென்று திறந்தால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீடென்றால் குரோமின் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் ‘பிரீலோட் பேஜஸ்’ஸை நிறுத்திவிடுங்கள். நீங்கள் தொடாத பக்கத்தையும் அது முன்கூட்டியே இழுக்கும்.

டிஎன்எஸ்ஸை 1.1.1.1க்கு மாற்றினால் பறக்கும் என்பார்கள். பெயருக்கு முகவரி தேடும் முதல் நொடிப்பொழுதுதான் அதில் மிச்சமாகும். தளத்தின் சேர்வர் இருக்கும் தூரம் அதனால் குறையாது. சேர்வர் லண்டனில் என்றால், இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு சுமார் இரண்டு லட்சம் கிலோமீற்றர்தான் போகும். ஒரு தடவை போய்வரவே 80 மில்லிசெக்கனுக்கு மேல். கடலடிக் கேபிள் பக்கத்துக் கல்கிசையிலேயே கரையேறினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஃபிளாட்காரருக்குத் தனியாக ஒன்று. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்துவீடு எல்லாருடைய ரவுட்டரும் 2.4 கிகாஹேர்ட்ஸில் முட்டிமோதும். உங்கள் போனையும் லப்டொப்பையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நடுவில் கொங்கிறீற் சுவர் இருந்தால் ரவுட்டரை ஹோலுக்கு இழுங்கள். பிறகு லப்டொப்பில் நேரே வயரைச் செருகிப் பாருங்கள். அப்போதும் ஸ்லோ என்றால் மட்டும் கொம்பனிக்குக் கோல் எடுங்கள்.