‘கிருமி இல்லை’ என்ற ரிப்போர்ட்டை நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு வருடங்களில் மூன்று முறை இரைப்பையில் புண் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் ஆறுகிறது. நிறுத்திய சில மாதங்களில் திரும்ப வந்துவிடுகிறது. கிருமிப் பரிசோதனையில் ‘இல்லை’ என்றே வந்தது. குடி, சிகரெட் கிடையாது. காரத்தையும் குறைத்துவிட்டேன். காரணமே இல்லாமல் புண் வருமா, டாக்டர்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வரும். ஆனால் சிலருக்குத்தான். உங்களையும் அந்தச் சிலரில் சேர்ப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பரிசோதனை செய்த நாளில் பான்டபிரசோல், ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை எதையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை 1982-ல் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறியும்வரை, புண்ணுக்கான பழியைக் காரமும் கவலையும்தான் சுமந்தன. இந்தக் கிருமி ஒளிந்துகொள்ளும். அமில மாத்திரை சாப்பிடும்போது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அங்கே மட்டும் சதைத் துணுக்கு எடுத்தால் ‘இல்லை’ என்று வந்துவிடலாம். புண்ணில் ரத்தம் கசியும் நேரத்தில் செய்த பரிசோதனையும் இப்படி ஏமாற்றலாம். அதனால் அமில மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருந்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து பாருங்கள். புண் ஆறிய பிறகு, உங்கள் மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்தது வலி மாத்திரை. “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் பலரும் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வேளைக்குப் பிரித்து வாங்குவது கணக்கிலேயே வராது. அதில் டைக்ளோஃபினாக்கோ அசிக்ளோஃபினாக்கோ இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது தவறு. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை அவை ரத்தத்தின் வழியாகவே குறைத்துவிடும். ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். இதயத்துக்கான 75 மி.கி. ஆஸ்பிரினும் புண் உண்டாக்கலாம், ஆனால் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

இரைப்பைப் புண் திரும்பத் திரும்ப வந்தால் அதன் விளிம்பிலிருந்து பல துணுக்குகள் எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். 8 முதல் 12 வாரங்களில் மறுபடி எண்டோஸ்கோபி செய்து ஆறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். கூடவே நீடித்த வயிற்றுப்போக்கும் இருந்தால், காஸ்ட்ரின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்ப்போம். அது அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் அகப்படவில்லை என்றால், அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுவதே வழி. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிட்டால்தான் அது முழுமையாக வேலை செய்யும். நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று பயந்து பாதியில் விடாதீர்கள். புண்ணிலிருந்து ரத்தம் கொட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.