கொழுந்தும் கடல்கடந்த சந்தையும்

நுழையும்முன்

திருவண்ணாமலையில் முழுநிலா இரவில் மலைவலம் வருவோர் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நடக்கின்றனர். வழியோரக் கடையில் அருந்தும் ஒரு குவளைத் தேநீர் அவர்தம் களைப்பைப் போக்குகிறது. அக்குவளைக்குப் பின்னே நாடுகளுக்கிடையிலான நெடிய வணிகப் போட்டி ஒன்று இருக்கிறது. அப்போட்டியையும் அதன் சுமையைத் தாங்கும் மக்களையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

மூன்று நாடுகள், மூன்று வழிகள்

உலகில் தேயிலையை மிகுதியாக விளைவிக்கும் நாடு சீனா, அடுத்தது இந்தியா. ஆயினும், கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் முதலிடம் வகிப்பது கென்யா. இதன் காரணம் யாது? இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கிலோ தேயிலை விளைகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கை நம் மக்களே அருந்திவிடுகின்றனர். கென்யாவிலோ உள்நாட்டுத் தேவை குறைவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய மேட்டுநிலங்களில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி மொம்பாசா ஏல மையத்தின் வழியாகப் பாகிஸ்தான், எகிப்து, பிரிட்டன் முதலிய நாடுகளுக்குச் செல்கிறது.

இலங்கையின் வலிமை அதன் பெயரில் உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பார் கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டம் அமைத்தார். பின்னர், இலைநோயால் காப்பிப் பயிர் அழிந்தபோது, மலைநாடெங்கும் தேயிலை பரவியது. 1972இல் ‘சிலோன்’ என்னும் பெயரை நாடு கைவிட்டது, தேயிலை கைவிடவில்லை. இலையைச் சுருட்டிப் பதப்படுத்தும் மரபுவழித் தேயிலையும் சிங்கச் சின்னமும் இன்றும் அதற்குத் தனிமதிப்பைத் தருகின்றன.

நீலகிரி கற்ற பாடம்

சோவியத் ஒன்றியம் இந்தியத் தேயிலையை மிகுதியாக வாங்கிய நாடு. நீலகிரித் தேயிலைக்கும் அதுவே பெருஞ்சந்தை. வாங்குவார் உறுதியாக இருந்தமையால் தரத்தில் செலுத்திய கவனம் குறைந்தது. 1991இல் அவ்வொன்றியம் சிதைந்தது. பழைய வணிக ஏற்பாடும் குலைந்தது. 1990களின் இறுதியில் நீலகிரியின் சிறு விவசாயிகளுக்குப் பச்சைத் தேயிலையின் விலை, சாகுபடிச் செலவுக்கும் போதாத அளவுக்குச் சரிந்தது. ஒரே வாங்குநரை நம்பிய வணிகம் ஒற்றைக்கால் பந்தலுக்கு ஒப்பாகும் என்பதை மலைமக்கள் துன்புற்றே அறிந்தனர்.

இருகரையிலும் ஒரே கைகள்

ஆங்கிலேயர் ஆட்சியில் வறுமையும் பஞ்சமும் துரத்த, தமிழகத்துச் சிற்றூர்களினின்று பல்லாயிரவர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி அவர்தம் வழித்தோன்றல்களில் இலட்சக்கணக்கானோர் தமிழகம் திரும்பினர். அவர்களுள் பலர் நீலகிரித் தோட்டங்களில் வேலை பெற்றனர். இதனால், உடன்பிறந்தாருள் ஒருவர் அட்டனிலும் மற்றொருவர் கூடலூரிலும் கொழுந்து பறிக்கும் நிலை தோன்றியது.

2021இல் இலங்கை, இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. சில திங்களில் தடை நீங்கியபோதும், மறு ஆண்டில் தேயிலை விளைச்சல் பெரிதும் குறைந்தது. அவ்விடத்தை இந்தியாவின் மரபுவழித் தேயிலை ஓரளவு நிரப்பியது. சந்தைக் கணக்கில் இது நமக்கு ஆதாயம். ஆனால், அங்கே கூடை நிறையாமல் கூலி இழந்தவரும் நம் உறவினரே.

விலையைக் குறைத்து வெல்ல முயலும் நாடு, இறுதியில் கூலியையே குறைக்கிறது. தரத்தாலும் நற்பெயராலும் வெல்லும் நாட்டுக்கோ உழைப்பவர்க்கு உரிய பங்கை அளிக்க வழியுண்டு. அவ்வழியில் நடப்பதே ஆட்சியாளர், வணிகர் கடமை. பறித்தவர் பசித்திருக்க, ஏற்றுமதிக் கணக்கு உயர்வது வளர்ச்சி ஆகாது.

தெரியுமா?

தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்க்கு வேலையளிக்கும் நோக்குடன் 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே, பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக (டான்டீ) வளர்ந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் தேயிலைத்தூள் உறைகளைத் திரட்டி, அவை விளைந்த இடங்களைப் பட்டியலிடுக.
2. ‘விலையா, தரமா – ஏற்றுமதியில் வெல்வது எது?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.