ராது கேட்ட பென்சில்

பெங்களூரு பசவனகுடியிலுள்ள ஸ்ரீராமகிருஷ்ண ஆசிரமத்தின் பின்புறம் ஒரு பாறை உள்ளது. 1911ஆம் ஆண்டு தென்னிந்திய யாத்திரையின்போது அன்னை ஸ்ரீசாரதாதேவியார் ஒரு மாலைப்பொழுதில் அதன்மீது அமர்ந்து தியானத்தில் ஆழ்ந்தார். அவ்விடம் இன்றும் பக்தியுடன் போற்றப்படுகிறது.

அன்னையை வணங்க ஆசிரமத்திற்கு வருபவர்களில் கைக்குழந்தையுடன் வரும் இளம் பெற்றோரும் உண்டு. வேலையின் பொருட்டுச் சொந்த ஊரையும் பெரியவர்களையும் விட்டு வந்து, தனித்து நின்று பிள்ளை வளர்ப்பவர்கள் பலர். அவர்களது மனக்குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருக்கும். நேற்றுவரை பொய் அறியாத குழந்தை இன்று முகம் மாறாமல் பொய் சொல்கிறது. கைபேசியைக் காட்டாவிட்டால் ஒரு கவளமும் உள்ளே இறங்குவதில்லை. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றையும் பேசுகிறது, நம் பிள்ளை ஒன்றிலும் வாய் திறப்பதில்லை. இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கேள்வி மறைந்திருக்கும்: ‘நான் சரியாக வளர்க்கிறேனா?’

இக்கேள்விக்கு அன்னையின் வாழ்வில் விடை தேடுவது பொருத்தமானது. வயிற்றில் பிள்ளை சுமக்காதவராயினும், பிள்ளை வளர்ப்பின் பாரம் முழுவதையும் அவர் சுமந்தவர்.

அன்னை ஏற்ற பொறுப்பு

அன்னையின் இளைய சகோதரர் அபய சரணர் மருத்துவம் பயின்றவர். 1899இல் அவர் காலமானார். மறு ஆண்டு ஜனவரியில் அவருடைய மகள் ராதாராணி பிறந்தாள். கணவரை இழந்த துயரில் தாய் சுரபாலாவின் மனநிலை பிறழ்ந்திருந்தது. ஒருநாள் சுரபாலா கந்தல்களை இழுத்துக்கொண்டு நடக்க, குழந்தை அழுதபடி அவள் பின்னால் தவழ்ந்து செல்வதை அன்னை கண்டார். தாம் கைவிட்டால் இக்குழந்தைக்கு யார் கதி என்று உள்ளம் பதைத்து, ஓடிச்சென்று வாரியெடுத்தார். அன்றுமுதல் ‘ராது’ அன்னையின் பொறுப்பானாள். தென்னிந்திய யாத்திரைக்கும் அவள் உடன் வந்தாள். அப்போது அவளுக்கு வயது 11.

கருவூலத்தில் ஒரு கவலை

பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914இல்தான். ஆகவே அன்னை கடலைக் கடந்து ராமேஸ்வரம் சென்றார். இராமநாதபுரம் மன்னர், கருவூலத்தை அன்னைக்குத் திறந்து காட்ட வேண்டும், அவர் விரும்பும் எப்பொருளையும் உடனே காணிக்கையாக அளிக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருந்தார். தமக்கு எதுவும் தேவையில்லை என்றார் அன்னை. ஆயினும் அவர்கள் மனம் வருந்தக்கூடாதே என்று, ராதுவுக்கு ஏதேனும் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று கூறிவிட்டார்.

கருவூலம் திறந்தது. வைரமும் மணிகளும் பதித்த நகைகளைக் கண்டதும் அன்னையின் நெஞ்சம் படபடத்தது. குழந்தை எதையாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? ராதுவின் மனத்தில் எந்த ஆசையும் எழாதிருக்க வேண்டும் என்று குருதேவரிடம் உள்ளுக்குள் இறைஞ்சினார். ராது எல்லாவற்றையும் பார்த்தாள். இவற்றில் தனக்கு வேண்டியது எதுவுமில்லை என்றாள். தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் வாங்கித் தந்தால் போதும் என்றாள். அன்னை நிம்மதிப் பெருமூச்சு விட்டார். வெளியே வந்ததும் கடையில் ஒரு பென்சில் வாங்கித் தந்தார்.

இதைக் குழந்தையின் வைராக்கியம் என்று கொள்ள வேண்டியதில்லை. வைரத்தின் விலை பெரியவர்களின் மனத்தில் இருந்தது. குழந்தையின் மனத்தில் தொலைந்த பென்சில் இருந்தது. பிள்ளைகள் குறித்த நம் அச்சங்களில் பல இத்தகையவை. நாம் அறிந்த உலகத்தை அவர்கள்மீது ஏற்றி, அதைக் கண்டு நாமே அஞ்சுகிறோம். மூன்று வயதுக் குழந்தையின் பொய்யில் நாம் எதிர்கால வஞ்சகனைக் காண்கிறோம். குழந்தையோ கற்பனைக்கும் நடப்புக்கும் இடையே இன்னும் கோடு கிழிக்கத் தெரியாமல் நிற்கிறது.

அன்னை நடந்துகொண்ட விதமும் கவனிக்கத்தக்கது. கவலை எழுந்தபோது அவர் குழந்தையை அதட்டவில்லை. கண்ணால் எச்சரிக்கவும் இல்லை. கவலையைக் குருதேவரிடம் வைத்துவிட்டு, குழந்தை தானே விடை சொல்லக் காத்திருந்தார். பின்னர் அவளது சிறு தேவையை அற்பமென்று ஒதுக்காமல் நிறைவேற்றினார்.

அன்பும் அபிஷ்வங்கமும்

பகவத்கீதையின் 13ஆம் அத்தியாயத்தில் ஞானத்தின் அங்கங்களைக் கூறும் பகவான், மகன், மனைவி, வீடு முதலியவற்றில் ‘அனபிஷ்வங்கம்’ என்பதையும் சேர்க்கிறார். அபிஷ்வங்கம் என்பது ஒரு தனிவகைப் பற்று என்று ஸ்ரீசங்கரர் விளக்குகிறார். பிறர் இன்புற்றால் ‘நானே இன்புற்றேன்’ என்றும், அவர் துன்புற்றால் ‘நானே துன்புற்றேன்’ என்றும் தன்னை அவரோடு ஒன்றாக்கிக் கொள்வதே அது.

அன்பு குழந்தையைப் பார்க்கிறது. அபிஷ்வங்கம் குழந்தையில் தன்னைப் பார்க்கிறது. பிள்ளையின் மதிப்பெண் நம் மதிப்பாகவும், கடைவீதியில் அவன் பிடிக்கும் அடம் நம் அவமானமாகவும் ஆகும்போது, நாம் திருத்த முனைவது குழந்தையையா, நம் கௌரவத்தையா? இதை அந்த நேரத்திலேயே தன்னிடம் கேட்டுக்கொள்வது உயர்ந்த சாதனை. செல்வர் வீட்டுப் பணிப்பெண் எஜமானரின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாகவே சீராட்டினாலும், அவர்கள் தன்னுடையவர்கள் அல்லர் என்பதை உள்ளூர அறிந்திருப்பாள் என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் காட்டிய உவமையின் பொருளும் இதுவே. அவளது பணிவிடையில் குறைவில்லை. உரிமை கொண்டாடுதல் மட்டும் இல்லை.

பலன் எவருடையது?

அன்னையிடம் வளர்ந்த ராது அமைதியே வடிவான பெண்ணாக விளங்கினாள் என்று கூற இயலாது. அக்கால வழக்கப்படி 1911 ஜூனில் அவளுக்குத் திருமணம் நடந்தது. பிற்காலத்தில் நோயும் மனத்தளர்ச்சியும் அவளை வாட்டின. 1919இல் அவள் கருவுற்றிருந்தபோது சிறு ஓசையையும் தாங்க முடியவில்லை; அவளுக்காக அன்னை அமைதியான கோயால்பாராவுக்குச் சென்று தங்கினார், மருத்துவம் பார்த்தார். ஒருமுறை ராது சினம் கொண்டு ஒரு பெரிய கத்தரிக்காயை அன்னையின் முதுகில் ஓங்கி எறிந்தாள். முதுகு வீங்கியது. அவளது பிழையைப் பொறுத்தருளுமாறு குருதேவரை வேண்டிய அன்னை, அவளுக்குத் தீங்கு நேராதிருக்கத் தம் பாததூளியை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

மனம் கலங்கும் பெற்றோர் இந்நிகழ்ச்சியை ஊன்றிச் சிந்திக்க வேண்டும். அன்னையே வளர்த்த குழந்தை இவ்வாறானாள் என்றால், வளர்ப்பின் தரத்தை விளைவைக் கொண்டு அளப்பது எவ்வாறு பொருந்தும்? ஒவ்வோர் உயிரும் தன் சம்ஸ்காரங்களுடன் வருகிறது. செடியை நாம் வளர்ப்பதில்லை, அது தானே வளர்கிறது. வேலியும் நீரும் தருவதே நம் பணி என்பது சுவாமி விவேகானந்தரின் கருத்து. வேலி அமைக்காமல் விடுவது நம் குற்றம். மலரின் நிறத்துக்கு நாம் பொறுப்பல்ல.

1920இல் தமது இறுதி நாட்களில் அன்னை ராதுவிடமிருந்து மனத்தை முற்றிலும் விலக்கிக்கொண்டார். இருபது ஆண்டுகள் அவளுக்காக உருகிய அதே மனம், வேளை வந்ததும் விடுபட்டது. ஜூலை 21ஆம் நாள் அன்னை மகாசமாதி அடைந்தார்.

இல்லத்தில் பயில வேண்டியவை

முதலாவது, கவலை எழுந்தவுடன் குழந்தையிடம் பேசாமல், ஒரு கணம் இறைவனிடம் பேசுதல். பிரார்த்தனைக்குப் பின் வரும் சொல்லில் கடுமை குறைந்திருக்கும். இரண்டாவது, குழந்தை உண்மையில் என்ன கேட்கிறது என்று பொறுமையுடன் அறிதல். கைபேசிக்கான அழுகையின் அடியில், தாய் தன் கைபேசியிலிருந்து கண்ணெடுத்துத் தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கமும் இருக்கக்கூடும். மூன்றாவது, பேச்சிலோ வளர்ச்சியிலோ தாமதம் தெரிந்தால் தயங்காமல் மருத்துவரை நாடுதல். பெங்களூருவில் நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனையில் குழந்தைகளின் மனநலத்துக்கெனத் தனித்துறையே உள்ளது. பிரார்த்தனை மருத்துவத்துக்கு மாற்று அல்ல. அன்னை இரண்டையும் கைக்கொண்டார்.

நான்காவது, உபதேசத்தைக் குறைத்து உடனிருத்தல். பெங்களூருவில் ஒருநாள் அன்னை வெளியே சென்று திரும்பியபோது, ஆசிரம வளாகம் நிறையப் பக்தர்கள் காத்திருந்து விழுந்து வணங்கினர். அவர்களது மொழி அன்னைக்குத் தெரியாது. வலக்கரத்தை உயர்த்தி ஆசியளித்தவாறு சற்று நேரம் மௌனமாக நின்றார். அவர்களிடம் பேச முடியவில்லையே என்று பின்னர் அவர் வருந்தியபோது, அந்த மௌனத்திலேயே தங்கள் உள்ளம் நிறைந்துவிட்டது என்று பக்தர்கள் கூறினர்.

சிறு குழந்தைக்கும் நம் மொழி பாதிதான் புரியும். அதனருகில் அமைதியாக அமர்ந்திருக்கும் தாயை அது முழுமையாகப் புரிந்துகொள்கிறது. அத்தகைய அமைதியை அன்னை நம் இல்லங்களுக்கு அருள்வாராக!