‘நைஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பிறப்பும் பொருள்மாற்றமும் வழக்கும்

முன்னுரை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் அறியும் பெயரடைகளுள் ‘நைஸ்’ என்பதும் ஒன்று. ‘நல்ல’, ‘இனிய’ என்று அதற்குப் பொருள்கூறி அமைந்துவிடுகிறோம். ஆனால் இப்பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அதற்கு முற்பட்ட ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்போர் இன்றைய பொருளையே கொள்வாராயின், மூலநூலாசிரியர் கூறாததைக் கூறியவராவர். ஆகவே அச்சொல் கடந்து வந்த வழியை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

இலத்தீனில் ‘ஸ்கீரே’ என்பது அறிதலைக் குறிக்கும் வினை. அதனுடன் எதிர்மறையுணர்த்தும் ‘நே’ சேர்ந்து, ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் ‘பேதைமையுடைய’ என்னும் பொருளில் வழங்கி, 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துட் புகுந்தது. அறிவியலைக் குறிக்கும் ‘சயன்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வினையின் வழிவந்ததே. ஒரே வேரிலிருந்து அறிவைக் குறிக்கும் சொல்லும் அறியாமையைக் குறிக்கும் சொல்லும் கிளைத்துள்ளன.

பொருள்மாற்றம்

பேதையைக் குறித்த சொல், பின்னர்க் கூச்சமுடையவரையும், எளிதில் எதனையும் ஏற்காது குறைகாண்பவரையும் குறித்தது. குறைகாண்பவர் சிறு வேறுபாட்டையும் பகுத்துணர்வர். ஆகவே ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்னும் பொருள்கள் தோன்றின. இறுதியில் ‘இனிய’ என்னும் பொதுப்பொருள் வந்தமைந்தது. இவை ஒன்று மறைந்தபின் மற்றொன்று தோன்றியவையல்ல. பல பொருள்கள் ஒரே காலத்தில் வழங்கின. நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ தமிழில் தீய மணத்திற்கே உரியதானது இழிபொருட்பேறு; ‘நைஸ்’ அடைந்தது அதற்கு மறுதலையான உயர்பொருட்பேறு.

இலக்கியச் சான்றுகள்

சேக்சுபியரின் ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில், தாம் விடுத்த மடல் ரோமியோவைச் சேரவில்லை என்றறிந்த துறவி லாரன்சு, அம்மடல் ‘நைஸ்’ அன்று என வருந்துகிறார். அதனை ‘நல்ல மடலன்று’ எனப் பெயர்த்தால் காட்சியே சிதையும். அங்கு அச்சொல்லின் பொருள் ‘அற்பமான’ என்பதாகும். மடல் அற்பமானதன்று, இருவர் உயிர் அதனைச் சார்ந்திருந்தது என்பதே கருத்து.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, நுண்ணிதாகக் கணிக்கும் துல்லியத்தை இச்சொல்லின் பொருளாகக் காட்டுகிறது. 1817இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ புதினத்திலோ, எதற்கெடுத்தாலும் இச்சொல்லை ஆளும் வழக்கத்தை ஹென்றி டில்னி நகையாடுகிறான். தூய்மை, நயம், மென்மை ஆகியவற்றை உணர்த்துவதே இதன் தொடக்கப் பொருளாக இருக்கலாம் என்பது அவன் கருத்து. அவன் கருதிய தொடக்கமும் இடைநிலையே. உண்மைத் தொடக்கம் அறியாமையாகும்.

இக்கால வழக்கு

இன்றைய ஆங்கிலத்திலும் பழம்பொருள் முற்றும் அழியவில்லை. சட்டம், மெய்யியல் சார்ந்த எழுத்தில் இச்சொல் ‘வேறுபாடு’ என்பதற்கு அடையாக வருமிடத்து, ‘நுட்பமான வேறுபாடு’ என்பதே பொருள். ‘நல்ல வேறுபாடு’ எனல் பிழை.

தமிழ்ப் பேச்சுவழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘மாவை நைஸாக அரை’ என்னுமிடத்து இச்சொல் நுண்மையைக் குறிக்கிறது. ‘நைஸாக நழுவினான்’ என்பதில் பிறர் அறியாவண்ணம் செய்யும் தந்திரத்தைக் குறிக்கிறது. இவ்விரண்டும் ‘இனிய’ என்னும் பொருளினின்று விலகி, ‘நுண்’ என்னும் தமிழ் அடியின் பொருட்பரப்பை நெருங்குகின்றன. பொடியின் நுண்மையையும் அறிவின் நுண்மையையும் அவ்வடி ஒருங்கே உணர்த்துவது நாமறிந்ததே. கடன்சொல் புகுந்த மொழியிலும் தனக்கெனப் பொருள் வளர்த்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

சொற்பிறப்பை அறிவது சொல்லின் வரலாற்றை அறிவதாகும். அதுவே அச்சொல்லின் பொருளை வரையறுப்பதன்று. வேர்ப்பொருளைக் கொண்டு இன்றைய வழக்கைப் பிழையெனல் எத்துணைத் தவறோ, அத்துணைத் தவறு இன்றைய பொருளைப் பழைய நூலில் ஏற்றிக் காண்பது. பழைய ஆங்கில நூல்களைப் பெயர்ப்போர், அரிய சொற்களுக்கு மட்டுமன்றி, தமக்கு நன்கு தெரிந்தவையாகத் தோன்றும் எளிய சொற்களுக்கும் அந்நூலெழுந்த காலத்துப் பொருளைத் தேடுதல் வேண்டும். அரிய சொல் தடுத்து நிறுத்தி அகராதியை நாடச் செய்யும். எளிய சொல்லோ ஐயம் எழுப்பாமலே பிழையுள் செலுத்திவிடும்.