விளையாட்டு வாளும் போர்வாளும்

சென்னையைச் சேர்ந்த பவானி தேவி என்னும் மங்கை, 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், வாள்வீச்சில் இந்தியாவின் சார்பாக முதன்முதற் களம் புகுந்து, முதற் போட்டியில் துனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என்னும் கணக்கில் வென்றதை நம் மாணவர் அறிவர். விலையுயர்ந்த வாள்கள் எளிதிற் கிட்டாமையால், தொடக்கத்தில் மூங்கிற் கோல்களைக்கொண்டே பயின்றதாக அவர் கூறியுள்ளார். அதிராம்பட்டினம் முதலிய நம் கடற்கரையூர்களிற் சிலம்பம் பழகும் இளைஞருக்கு இஃது உவகையூட்டும் செய்தியே. ஆயினும், இவ்வித்தை கற்றார் கத்தியேந்தி வரும் பகைவனைத் தடுக்க வல்லரோ என்னும் ஐயம் எழுதல் இயல்பாகலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விளையாட்டு வாள்கள் ஃபாயில், எப்பே, சேபர் என மூவகைப்படும். ஃபாயில் வாளின் எடை 500 கிராமுக்கும் குறைவு; அதன் முனை எதிரியின் நடுவுடலில் அழுந்தினாலன்றிப் புள்ளி இல்லை. எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால்வரை எங்குப் படினும் புள்ளி உண்டு. இருவர் முனைகளும் ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் பட்டுவிடின், இருவர்க்கும் ஒவ்வொரு புள்ளி வழங்குவர். இவ்விதியே நாம் ஊன்றி நோக்கற்பாலது. மெய்யான வாட்போரில் இருவரும் ஒருங்கே குத்துண்டால், புள்ளிக்கு மாறாக இருவர்க்கும் கட்டிலோ, இடுகாடோ கிடைக்கும்! ஃபாயிலிலும் சேபரிலும் இருவர் விளக்குகளும் எரியுங்கால், தாக்கும் உரிமை யாருக்கென நடுவர் தீர்ப்பளிப்பார். தெருவிற் பாயும் கத்தி எந்த நடுவரையும் கேளாது.

மெய்ப்போரின் இயல்பை அறிய, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைக் காண்க. தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றிற் புறங்கையை மூடும் அகன்ற இரும்புக் காப்பு உண்டு. சிலவற்றில் ஐரோப்பிய வாள் அலகுகளே பொருத்தப்பெற்றுள்ளன. போரில் முதலில் வெட்டுண்பது படைபிடித்த கையே என்பதை அக்கொல்லன் நன்குணர்ந்திருந்தான். ஃபாயில் வீரரோ கையிற் பட்ட முனைக்குக் கவலையுறார். அது கணக்கிற் சேராது.

இதனால் விளையாட்டு வாள் வெறும் பொம்மை என்று இகழ்தல் தவறு. 1982-இல் ரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியில், எதிரியின் முறிந்த அலகு முகமூடியைத் துளைத்தமையால் சோவியத் வீரர் ஸ்மிர்னோவ் உயிர் துறந்தார். அதன்பின்னரே முகமூடியும் உடையும் வலுப்படுத்தப்பெற்றன.

தற்காப்பின் நிலை வேறு. கத்தி மறைந்திருந்து, அருகணைந்த பின்னரே வெளிப்படும். வணக்கமும் இல்லை, ஆயத்தமும் இல்லை. நெற்றியளவு உயர்ந்த சிலம்பக் கோல் கத்தியை எட்ட நிறுத்தும் என்பது மெய்யே. ஆனால் பேருந்தில் அதனைச் சுமந்து செல்வார் யார்? வாள்வீச்சுப் பயிற்சியிற் பயன்படுவது கையன்று, காலே. எதிரியின் தோளசைவு கண்டு நொடிப்பொழுதிற் பின்னடையும் பழக்கமே அவ்வித்தை தரும் உறுதியான ஊதியம். 14 மீட்டர் நீளமுள்ள ஆடுதளத்தின் பின்கோட்டை இரு காலாலுங் கடந்தால் எதிரிக்கு ஒரு புள்ளி சேரும். தெருவில் அக்கோடு இல்லை. வேண்டுமாயின், கூவிக்கொண்டே பட்டுக்கோட்டை வரையிலும் பின்வாங்கலாம்.